கேபிள் லைனைப் பிரிக்க ஸ்ப்ளிட்டரா, கப்ளரா, பூஸ்டரா?

வீட்டுக்கு வரும் ஒரே கேபிள் லைனை டிவிக்கும் இணைய மோடத்துக்கும் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிவிக்கு சிக்னல் வந்து சேர்ந்தால் போதும். மோடம் திருப்பி அனுப்பவும் வேண்டும். அதனால் பிரிக்கும் இடத்தில் ஏற்படும் இழப்பு மோடத்தை இரண்டு திசையிலும் பாதிக்கும். எதை வாங்குவது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்ப்ளிட்டர் சிக்னலைப் பல வாயில்களுக்குப் பங்கிடும். இருவழி ஸ்ப்ளிட்டரில் ஒவ்வொரு வாயிலிலும் சிக்னல் சுமார் 3.5 டெசிபெல் குறையும், நான்குவழியில் 7. நேரடி லைனில் 44 டெசிபெல்-மில்லிவோல்ட் (சிக்னல் வலிமையின் அலகு) அளவில் அப்லோடு செய்யும் மோடம், இந்த இழப்பை ஈடுகட்ட இருவழிக்குப் பின்னால் 47.5-க்கும் நான்குவழிக்குப் பின்னால் 51-க்கும் ஏறும். பல அப்லோடு சேனல்களை ஒன்றாக ஓட்டும் டாக்சிஸ் 3.0 (கேபிள் இணையத்துக்கான தரநிலை) மோடங்களுக்கு ஏறக்குறைய அதுதான் உச்சம். வெயிலில் கேபிள் சூடாகி இழப்பு கொஞ்சம் கூடினாலே இணைப்பு விட்டுவிட்டு வரும். ஆகவே நான்கு டிவி இருந்தாலும் முதலில் இருவழி ஸ்ப்ளிட்டரையே போடுங்கள்: ஒரு வாயில் நேராக மோடத்துக்கு, மற்றதில் டிவிகளுக்கான ஸ்ப்ளிட்டர். மூன்றுவழி கைவசம் இருந்தால் மூடியைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் ஒரு வாயில் 3.5, மற்ற இரண்டும் 7. மோடத்துக்கு 3.5 வாயில்தான்.

லைனே பலவீனமாக இருந்து, டிவி ஒன்றுதான் என்றால் டைரக்‌ஷனல் கப்ளர் இன்னும் நல்லது; இது சிக்னலைச் சமமாகப் பிரிக்காமல் ஒரு வாயிலுக்கே பெரும்பகுதியைத் தரும். 9 டெசிபெல் கப்ளரில் நேர் வாயிலில் ஒன்றிரண்டு டெசிபெல்தான் போகும்; அது மோடத்துக்கு. 9 குறையும் 'டேப்' வாயில் டிவிக்கு. மாற்றி மாட்டினால் மோடம் தவிக்கும்.

சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும். சிக்னலோடு இரைச்சலையும் அது தூக்கிவிடும். ஏற்கெனவே கெட்டுப்போன சிக்னலைத் திருத்தாது. ஒருவழி பூஸ்டருக்குப் பின்னால் மோடத்தை வைத்தால் அப்லோடு அலைவரிசை அடைபட்டு, மோடம் ஆன்லைனுக்கே வராது. டிவிக்குப் போகும் லைனில் மட்டும் வையுங்கள். திருப்பிப் பேசும் செட்டாப் பாக்ஸ் என்றால் இருவழி பூஸ்டர்தான் தேவை.

ஸ்ப்ளிட்டரில் 5–1002 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்க வேண்டும். 950-இல் தொடங்கும் டிஷ் ஸ்ப்ளிட்டர் இதற்கு உதவாது. பயன்படாத வாயிலில் 75 ஓம் டெர்மினேட்டர் (வாயிலை அடைக்கும் மூடி) மாட்டுங்கள். கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டரின் உள்ளே ஒரே ஒரு பின்னல் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் லைன் ஷார்ட் ஆகிவிடும்.

மாட்டி முடித்ததும் மோடத்தின் நிலைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டவுன்லோடு –7 முதல் +7 டெசிபெல்-மில்லிவோல்ட் வரை, அப்லோடு 50-க்குக் கீழே இருந்தால் சரி. இல்லையென்றால் ஸ்ப்ளிட்டரைக் கழற்றி மோடத்தை நேரடியாக இணைத்துப் பாருங்கள். அப்போதும் அளவு மோசமாக இருந்தால் பழுது ஸ்ப்ளிட்டரில் இல்லை; பெரும்பாலும் லைனில்தான்.