டிவிடிஸ்டைலர்: மூன்று டிஸ்க் பாழான பிறகு

அம்மாவின் டிவிடி பிளேயரில் யுஎஸ்பி சொருக இடம் கிடையாது. புதுசு வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "இதுக்கு என்ன கொறச்சல்? தட்டுல வெச்சா ஓடுது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆக, பேத்தி தவழ்ந்ததிலிருந்து சைக்கிள் ஓட்டியது வரை என் போனில் கிடந்த 23 வீடியோக்களை, மொத்தம் 96 நிமிடத்தை, டிவிடியாக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் டிஸ்க் முழுக்க என் அசட்டுத்தனம். எம்பி4 ஃபைல்களை அப்படியே டிஸ்க்கில் இழுத்துப் போட்டு ரைட் பண்ணிவிட்டேன். கம்ப்யூட்டரில் ஜோராக ஓடியது. பிளேயர் ஒரு நிமிடம் உறுமிவிட்டு, படிக்க முடியவில்லை என்று துப்பிவிட்டது. அதற்குத் தெரிந்ததெல்லாம் 90களில் வகுத்த டிவிடி வீடியோ முறை மட்டும்தான்: படம் எம்பெக்-2, ஒலி ஏசி3 போன்ற சில வகைகள், எல்லாம் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் விஓபி, ஐஎஃப்ஓ ஃபைல்களாக இருக்க வேண்டும். வேறு எதைக் கொடுத்தாலும் அதற்கு அது வெற்றுத் தட்டு.

அடுத்து ஒரு கட்டண மென்பொருளின் சோதனைப் பதிப்பை இறக்கினேன். பெயர் வேண்டாம். அது வேலையை முடித்துவிட்டு, குழந்தையின் முகத்துக்குக் குறுக்கே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. நல்லவேளை, ரைட் பண்ணுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். அதைத் தூக்கிவிட்டுத்தான், வீடியோக்களை மெனுவோடு டிவிடியாக்கித் தரும் டிவிடிஸ்டைலர் மென்பொருளுக்கு வந்தேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ், படத்தின் மேல் எந்த முத்திரையும் குத்தாது. முகப்பைப் பார்த்தால் இருபது வருடத்துக்கு முந்தைய மென்பொருள் மாதிரிதான் இருக்கும். அதைப் பார்த்து ஓடிவிடாதீர்கள்.

புது புராஜெக்ட் தொடங்கியதுமே டிஸ்க்கின் அளவு, டிவிப் படத்துக்கான இரண்டு முறைகளில் பால் (PAL) முறையா என்டிஎஸ்சி (NTSC) முறையா, 4:3 திரையா 16:9 திரையா என்று கேட்கும். இதில் பால், என்டிஎஸ்சி கேள்வியில் கொஞ்சம் நிதானியுங்கள். பால் என்றால் 720x576, நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படம். என்டிஎஸ்சி என்றால் 720x480, நொடிக்கு 29.97. போன் வீடியோ பெரும்பாலும் நொடிக்கு 30. அதை 25 ஆக்கினால் ஆறில் ஒரு ஃபிரேம் காணாமல் போகும். நின்று பேசும் காட்சியில் தெரியாது. சைக்கிள் குறுக்கே போகும்போது தத்தித் தத்திப் போகிற மாதிரி இருக்கும். அம்மாவின் பிளேயரும் டிவியும் இரண்டு முறையையும் ஏற்கும் என்பதால் என்டிஎஸ்சி போட்டேன். படத்தின் உயரத்தில் 96 வரி குறைந்தாலும் ஓட்டம் சீராக இருந்தது.

பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் டேட்டா அளவை, ஆட்டோவிலேயே விட்டுவிடலாம். கணக்கு வேண்டுமென்றால் இதோ: 4.7 ஜிபி டிஸ்க்கை 96 நிமிடத்துக்குப் பங்கு போட்டால், படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்கு ஏறக்குறைய 6.5 மெகாபிட். இது தாராளம். அதே டிஸ்க்கில் நான்கு மணி நேரத்தைத் திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். 4.7 என்று அட்டையில் இருப்பதை விண்டோஸ் 4.37 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, எண்ணும் முறைதான் வேறு.

இரண்டாவது டிஸ்க்கைக் கெடுத்தது என் போன். பதினொரு நிமிட வீடியோ ஒன்றில், தொடக்கத்தில் வாயும் சத்தமும் ஒத்துப்போயின. கடைசியில் குழந்தை கைதட்டி முடித்த பிறகு தட்டும் ஓசை வந்தது. போன்கள் வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்யும். டிவிடிக்கு அந்தச் சலுகை கிடையாது. இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் அந்த ஃபைல்களைப் போட்டு, மாறாத ஃபிரேம் வேகம் என்ற தேர்வை வைத்து ஒருமுறை மாற்றி எடுத்த பிறகு டிவிடிஸ்டைலருக்குக் கொடுத்தேன். சரியாகிவிட்டது. ஹேண்ட்பிரேக் மட்டுமே போதுமே என்று சிலர் சொல்வார்கள். போதாது. அது எம்பி4, எம்கேவி, வெப்எம் தான் தரும், டிவிடி தராது.

போனை நெட்டுக்குத்தலாகப் பிடித்து எடுத்தவை பாவப்பட்டவை. அகலத்திரையில் மூன்றில் ஒரு பங்குகூட நிறையாது, இரண்டு பக்கமும் கறுப்பு. நிரப்புகிறேன் என்று வெட்டினால் தலை போகும். அப்படியே விட்டுவிட்டேன்.

மெனுவில் தமிழ் எழுத்து சரியாக வருமா என்று சோதிக்கப் பொறுமை இல்லை. தலைப்புகளை வேறொரு மென்பொருளில் படமாகவே எழுதி, அந்தப் படத்தைப் பின்னணியாக வைத்து, மேலே பொத்தான்களை அடுக்கினேன்.

மூன்றாவது டிஸ்க் அவசரத்துக்குப் பலி. 16 மடங்கு வேகத்தில் ரைட் பண்ணியதில், கடைசிப் பத்து நிமிடம் பிளேயரில் விக்கி விக்கி நின்றது. அதன் பிறகு டிவிடிஸ்டைலரில் நேராக ரைட் பண்ணாமல் முழு டிஸ்க்கையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்து, கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் மெனுவோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, 4 மடங்கு வேகத்தில் டிவிடி-ஆரில் ஏற்றினேன். சோதனைக்கு, அழித்து மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க் வைத்துக்கொள்ளலாமே என்றால், அதில் ஒளி குறைவாகப் பிரதிபலிக்கும். பழைய பிளேயர்கள் சில அதை ஏற்காது. அம்மாவுடையதும் அந்த ரகம்.

குறை சொல்வதென்றால், உதவிக் குறிப்புகள் புதியவருக்குப் போதாது. என் பழைய லேப்டாப்பில் மாற்றி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அது லேப்டாப்பின் வயது. கட்டளை அடித்துப் பழகியவர்கள், டிவிடிஸ்டைலர் உள்ளே பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியிலேயே டிவிடிக்கான ஆயத்த அமைப்பு உண்டு என்பதால் நேராக அங்கே போகலாம். மெனு வேண்டுமென்றால் எப்படியும் இங்கேதான் வர வேண்டியிருக்கும்.

நான்காவது டிஸ்க் ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடியது. அம்மா முழுக்கப் பார்த்துவிட்டு இரண்டு புகார் சொன்னார். ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தினால் எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று தெரியவில்லையாம். பொத்தானின் நிறத்தை அழுத்தமான மஞ்சளாக்கினேன். இன்னொன்று, "புள்ள சைக்கிள்லேருந்து விழறதை எதுக்கு வெச்சிருக்க? எடுத்துடு." புராஜெக்டைச் சேமித்து வைத்திருந்ததால் அந்த ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு, 22 வீடியோவோடு மறுபடி ஓட விட்டிருக்கிறேன்.