அரங்கேற்றியவரே மீண்டும் நடத்திய ‘லா போயெம்’: டோஸ்கனினியின் 1946 ஒலிப்பதிவு

1896 பிப்ரவரி 1 அன்று, இத்தாலியின் டூரின் நகரில் உள்ள ரெஜ்ஜோ அரங்கில் இசையமைப்பாளர் புச்சினியின் ‘லா போயெம்’ ஓப்பரா (பாடியே நடிக்கப்படும் இசைநாடகம்) அரங்கேறியது. அன்று இசைக்குழுவை நடத்திய ஆர்ட்டுரோ டோஸ்கனினிக்கு 28 வயதுதான். அந்த அரங்கேற்றத்துக்கு ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, 1946 பிப்ரவரி 3, 10 ஆகிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், நியூயார்க்கின் என்பிசி வானொலிக்காக அதே ஓப்பராவை, ஒரு நாளைக்கு இரண்டு அங்கங்களாக, 78 வயதில் அவரே மீண்டும் நடத்தினார். அந்த ஒலிபரப்பை ஆர்சிஏ நிறுவனம் பின்னர் இசைத்தட்டாக வெளியிட்டது. இப்போது அது இரண்டு சிடிகளில் கிடைக்கிறது. புச்சினியின் ஓப்பராக்களில், முதன்முதலில் மேடையேற்றியவரே நடத்திய முழு ஒலிப்பதிவு என்று நமக்கு வாய்த்திருப்பது இது ஒன்றுதான். ஆனால் அந்த வரலாற்றுப் பெருமைக்காக மட்டும் இதை வாங்கி அலமாரியில் வைத்துவிடக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் இதன் குறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிடியைப் போட்ட அரை நிமிடத்தில் அது காதில் படும். பதிவு நடந்த இடம் ராக்ஃபெல்லர் மையத்தில் இருக்கும் 8-எச் ஒலிப்பதிவுக்கூடம். வானொலிப் பேச்சுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் கட்டப்பட்ட அந்தக் கூடத்தில் எதிரொலி மிகக் குறைவு. ஒரு ஸ்வரம் ஒலித்து முடிந்த கணமே காற்றில் கரையாமல் வெட்டுப்பட்டதுபோல் நின்றுவிடுகிறது. ஒற்றைத் தடப் பதிவு வேறு என்பதால், வயலின்கள் வலிமையாக எழும் இடங்களில் ஒலி சற்றே வறண்டு, காதை உராய்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டபோது எனக்கு முதல் அங்கம் முடிவதற்குள் களைப்பு வந்தது. பிறகு ஸ்பீக்கரில், சற்றுத் தள்ளி உட்கார்ந்து கேட்டபோதுதான் இசை தன் இயல்பான உருவத்துக்கு வந்தது. ஆனால் அதே வறட்சியால் ஒரு நன்மையும் உண்டு. மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில், பாரிஸ் நகர எல்லையில் விடியற்காலையில் பனி விழுவதைப் புல்லாங்குழல்களும் ஹார்ப்பும் சின்னஞ்சிறு புள்ளிகளாக ஒலித்துக் காட்டும் இடத்தில், ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே வந்து விழுவதை எதிரொலி மிகுந்த அரங்கப் பதிவுகளில் இவ்வளவு துல்லியமாக நான் கேட்டதில்லை.

டோஸ்கனினி என்றாலே கண்டிப்பு, வேகம், எழுதியதை எழுதியபடி வாசிக்கச் செய்யும் பிடிவாதம் என்று பலரும் சொல்வது வழக்கம். அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்பதை அறிய அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1867-இல் பார்மா நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்த அவர், அவ்வூர் இசைப்பள்ளியில் செல்லோ பயின்றவர். 1886-இல் ஓப்பராக் குழுவொன்றுடன் ரியோ டி ஜெனிரோ சென்றிருந்தபோது, நடத்துநர் விலகிப்போன நெருக்கடியில் 19 வயதுச் செல்லோக் கலைஞரான அவரை மேடையேற்றினார்கள். அவர் இசையமைப்பாளர் வெர்டியின் ‘ஐதா’ ஓப்பராவை நினைவிலிருந்தே நடத்தி முடித்தார். அடுத்த ஆண்டு மிலானின் லா ஸ்காலா அரங்கில் வெர்டியின் ‘ஒதெல்லோ’ அரங்கேறியபோது, இசைக்குழுவில் செல்லோ வாசிப்பவர்களில் ஒருவராக உட்கார்ந்து வெர்டியையே நேரில் கவனித்தார். கிட்டப்பார்வை உள்ளவர் என்பதால், மேசைமேல் விரித்த இசைக்குறிப்பை நம்பாமல் முழுவதையும் மனப்பாடம் செய்தே வாழ்நாள் முழுதும் நடத்தினார். இப்படி ஒவ்வொரு குறிப்பையும் நெஞ்சில் சுமந்தவர், குழுவில் ஒருவர் ஒரு குறிப்பை அலட்சியப்படுத்தினாலும் பொறுக்கமாட்டார் என்பதில் வியப்பில்லை.

ஆனால் இந்தப் பதிவைக் கேட்பவர், அந்தப் பொதுக்கருத்து எவ்வளவு அரைகுறையானது என்று உணர்வார். காலப்பிரமாணம் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. இரண்டாம் அங்கத்தின் மொமுஸ் உணவகக் காட்சியில் பாடகர் குழு, சிறுவர்கள், தெருவணிகர்கள், முசெத்தா என்ற இளம்பெண் என எல்லாரும் ஒரே நேரத்தில் பாடும்போதும் ஒருவர் குரலும் இன்னொருவர் குரலில் மூழ்கிப்போவதில்லை. இருந்தும் கதையின் காதலர்களான ஏழைக் கவிஞன் ரொடோல்ஃபோவும் மிமியும் முதன்முதலாகப் பேசிக்கொள்ளும் இடங்களில் லயம் மூச்சைப் போல விரிந்தும் சுருங்கியும் நகர்கிறது. பாடகர் ஒரு சொல்லில் சற்றே நின்றால் இசைக்குழுவும் அவரோடு நிற்கிறது. அடுத்த சொல்லில் இழந்த நேரம் தானாக ஈடாகிவிடுகிறது. தாளக்கட்டு தளராமலேயே இவ்வளவு நெகிழ்வு கிடைக்கும் என்பது, பிற்காலத்து நடத்துநர்கள் பலர் இந்த ஓப்பராவை உருக்கி உருக்கி இழுத்ததைக் கேட்டுப் பழகிய எனக்குப் பெரிய பாடமாக இருந்தது.

இனி இந்தப் பதிவின் மிக அரிய பகுதிக்கு வருகிறேன். மெட்டு விரிந்து உயரும் இடங்களில், பாடகர்களுக்குப் பின்னால், கரகரப்பான இன்னொரு குரல் கேட்கிறது. அது டோஸ்கனினியின் குரல். தன்னை அறியாமல் அவரும் கூடவே பாடுகிறார். சுருதி எல்லா இடத்திலும் சேரவில்லை. சில கணங்களில் அது முனகலாகவும் மாறுகிறது. இதை ஒலிப்பதிவின் குறை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என்னால் அப்படி எண்ண முடியவில்லை. அந்த நாட்களில் அவர் நிலை என்ன என்று நினைத்துப் பாருங்கள். பாசிஸ்டுகளின் கீதத்தை வாசிக்க மறுத்ததற்காக 1931-இல் பொலோன்யா நகரில் அடிவாங்கியதிலிருந்து அவர் தாய்நாட்டில் ஒரு கச்சேரியும் நடத்தியிருக்கவில்லை. புச்சினி 1924-இலேயே இறந்துவிட்டார். ‘லா போயெம்’ அரங்கேறிய ரெஜ்ஜோ அரங்கம் 1936-இல் தீக்கிரையாகிவிட்டது; லா ஸ்காலா 1943-இல் குண்டுவீச்சில் சிதைந்து, இன்னும் திறக்கப்படாமல் இருந்தது. அந்த அரங்கங்களின் மாலைகளை நினைவில் வைத்திருந்த ஒரு முதியவர், அமெரிக்காவின் வானொலிக் கூடமொன்றில் நின்றுகொண்டு, தன் இளமையின் இசையோடு சேர்ந்து பாடுகிறார். மூன்று மாதங்கள் கழித்து, 1946 மே 11 அன்று, சீரமைக்கப்பட்ட லா ஸ்காலாவை அவரே நடத்தித் திறந்துவைத்தார்.

பாடகர்களில் மிமியாக வரும் லிசியா அல்பனீஸே முதலிடம் பெறுகிறார். அவர் குரல் பெரியதன்று. ஆனால் ஒவ்வொரு இத்தாலியச் சொல்லும் உயிரோடு வந்து சேர்கிறது. ரொடோல்ஃபோவாகப் பாடும் ஜான் பியர்ஸின் குரலில் தேன் குறைவு, உறுதி அதிகம். காதலனைவிடப் போர்வீரனுக்குப் பொருந்தும் குரல் என்று முதல் அங்கத்தில் தோன்றினாலும், மூன்றாம் அங்கத்தில் மிமியின் நோயைப் பற்றி நண்பனிடம் மனம் உடைந்து சொல்லும் இடத்தில் அந்த உறுதியே பலமாகிறது. ரொடோல்ஃபோவின் நண்பன் கொலினாகப் பாடும் நிக்கோலா மொஸ்கோனா, தன் பழைய மேலங்கியிடம் விடைபெறும் சிறு பாடலைச் சிறிதும் மிகைப்படுத்தாமல் பாடுகிறார். முசெத்தாவாகப் பாடியவர் மட்டும் எனக்கு நிறைவு தரவில்லை.

கடைசிக் காட்சியைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். மிமி இறந்துவிட்டாள் என்பது நண்பர்களுக்குத் தெரிந்துவிட்டது. ரொடோல்ஃபோவுக்கு இன்னும் தெரியாது. பெரும்பாலான பதிவுகளில் நடத்துநர்கள் இந்த இடத்திலேயே துக்கத்தை அறிவித்துவிடுகிறார்கள். டோஸ்கனினியோ இசைக்குழுவை ஏறக்குறைய மௌனத்தில் வைத்திருக்கிறார். நண்பர்களின் முகங்களைப் பார்த்து ரொடோல்ஃபோ கேள்வி கேட்கும்வரை அந்த அடக்கம் நீடிக்கிறது. பித்தளை ஊதுகருவிகள் முழங்கும்போதுதான் அவனோடு சேர்ந்து நாமும் அறிந்துகொள்கிறோம்.

வாங்குவோருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. நான் முதலில் இணையவழி இசைச்சேவை ஒன்றில்தான் இதைக் கேட்டேன். அதில் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே சிறு இடைவெளி விழுந்தது. இடைவிடாமல் ஓடும் இந்த இசை ஒவ்வொரு மூன்று நான்கு நிமிடத்துக்கும் விக்கியது. ஆகவே சிடியாகவே வாங்குவது நல்லது. இணையத்தில் கேட்பவர்கள், இடைவெளியின்றி ஒலிக்கும் வசதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘லா போயெம்’ பாடல்களை இதுவரை கேட்டே அறியாதவர்கள், விரிந்த ஒலியுடைய நடத்துநர் கராயானின் 1972 பதிவில், பாடகர்கள் பவரொட்டியும் ஃப்ரேனியும் பாடுவதை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வரலாம். வந்தபின் மூன்றாம் அங்கத்திலிருந்து தொடங்குங்கள்: பனி விழும் அந்த முதல் சில நிமிடங்களுக்குள் காது இந்த வறண்ட ஒலிக்குப் பழகிவிடும்.