டி.ஹெச்.எஃப். உலர்த்த எது? சோடியம் ஸ்டில்லா, மாலிக்யூலர் சீவா?

பெங்களூரில் ஆர்கானிக் லேப் இருக்கும் கல்லூரிகளில் இன்னும் ஏதாவது ஒரு ஹூட்டுக்குள் (புகை உறிஞ்சும் அறை) சோடியம்-பென்சோஃபீனோன் ஸ்டில் கொதித்துக்கொண்டிருக்கும். டி.ஹெச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃபியூரான்) என்ற கரைப்பானில் உள்ள நீரை நீக்க, அதைச் சோடியத்தோடு கொதிக்கவைத்து வடிக்கும் அமைப்பு இது; நீர் போனதும் கலவை நீலமாகும். இதை இறக்கிவிடலாமே என்று புதுப்பையன் யாராவது கேட்டால், 'நீலம் வந்தால்தான் நம்பிக்கை' என்று ஸீனியர் வாயை அடைத்துவிடுவார். நீலம் அழகுதான். ஆனால் அளந்து பார்த்தால் கதை வேறு. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) நீர் இருந்த டி.ஹெச்.எஃப்.ஐ, சோடியம்-பென்சோஃபீனோன் 48 மணி நேரத்தில் 43 பிபிஎம்முக்குத்தான் இறக்கியது. 3 ஆங்ஸ்ட்ராம் மாலிக்யூலர் சீவை (நீரை உறிஞ்சும் நுண்துளை மணிகள்) 20 சதவீதம் போட்டு அதே நேரம் சும்மா வைத்ததில் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது.

ஸ்டில் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஆக்சிஜனும் போகும், பெராக்சைடு உருவாகாமல் இருக்கச் சேர்க்கும் BHT தடுப்பானும் ஃபிளாஸ்கிலேயே தங்கிவிடும், நிறமே நிலைமையைச் சொல்லும். சீவில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நீரை அளக்கும் கார்ல் ஃபிஷர் கருவி இல்லாத லேபில் அது ஒரு குறைதான்.

ஆனால் பெங்களூரில் ஸ்டில் நடத்துவதே ஒரு தலைவலி. ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சருக்குக் குழாய்த் தண்ணீரை விடுவது 2024 கோடைத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு நியாயமும் இல்லை, நம்பவும் முடியாது. நடுராத்திரி மற்ற குழாய்கள் மூடி அழுத்தம் ஏறும்போது பழைய ரப்பர் டியூப் கழன்றால், தண்ணீர் கொட்டுவது சோடியம் இருக்கும் ஃபிளாஸ்க் பக்கம். அதே தண்ணீரைக் குளிர்வித்துச் சுற்றவிடும் சில்லர் கட்டாயம். இன்னொன்று: ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் டி.ஹெச்.எஃப். இங்கே 63 டிகிரி வாக்கில் கொதிக்கும். புத்தகத்தில் 66 என்று பார்த்துவிட்டு மாண்டில் (ஃபிளாஸ்க் சூடேற்றி) சூட்டை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

பெரிய செலவு ஸ்டில்லை இறக்கும் நாளில்தான் தெரியும். சோடியம் 98 டிகிரியில்தான் உருகும், டி.ஹெச்.எஃப்.இல் கடைசிவரை கட்டியாகவே கிடக்கும். மேலே வெள்ளைப் பொருக்குக் கட்டியதும் நீலம் மங்கும், உடனே யாராவது புதுத் துண்டு போடுவார்கள். வருஷக்கணக்கில் அடியில் சேர்ந்திருப்பது பாதி உயிருள்ள சோடியம். அதைக் கொல்லும்போது, அதாவது ஆல்கஹாலோடு வினைபுரியவைத்துத் தீர்க்கும்போது:

முதலில் நன்றாக ஆறவிட்டு, நைட்ரஜன் ஓட்டத்தில் மிச்ச டி.ஹெச்.எஃப்.ஐ எடுத்துவிட்டு, உலர்ந்த டொலுவீன் ஊற்றி கட்டிகளை மூழ்கடியுங்கள். ஐஸ் பாத்தில் வைத்து ஐசோபுரொப்பனாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கிராமுக்கு 15-20 மி.லி. கணக்கு. ஒரு கிராம் சோடியத்திலிருந்து அரை லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் வரும், ஆகவே வெளியேறும் வழி திறந்திருக்க வேண்டும், ஹூட்டில் மாண்டிலோ ஹாட் பிளேட்டோ ஓடக் கூடாது. குமிழ் நின்றதும் எத்தனால், பிறகு மெத்தனால், கடைசியில்தான் தண்ணீர், அதுவும் சொட்டாக. ஒவ்வொரு கட்டத்துக்கும் பல மணி நேரம் விட வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுவது. முதல் சொட்டு ஆல்கஹாலிலேயே நீலம் மறைந்துவிடும். அது கீட்டைல் (நீலத்தைத் தரும் பென்சோஃபீனோன் அயனி) போனதற்கு அடையாளமே தவிர, சோடியம் செத்ததற்கு அல்ல. குமிழ் நிற்பதும் பொருக்கு மூடியதால் இருக்கலாம். அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் பொருக்கு கரைந்து உள்ளே இருக்கும் உலோகம் பற்றிக்கொள்ளும். கண்ணாடிக் கம்பியால் கட்டியை உடைத்துப் பார்த்து, உள்ளே வெள்ளிப் பளபளப்பு இல்லை என்ற பிறகே தண்ணீர். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானைத் தொடாதீர்கள். மிஞ்சும் கலவையை நடுநிலையாக்கி ஹாலோஜன் இல்லாத கழிவு கேனில் ஊற்றி, படிவம் 8 லேபிள் ஒட்டி அனுப்பலாம். 2016 அபாயக் கழிவு விதிகளின்படி 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது.

சீவுக்கு இவ்வளவு பாடு கிடையாது. 500 மி.லி.க்கு 100 கிராம் 3 ஆங்ஸ்ட்ராம் மணிகளை 300 டிகிரியில் ஒரு நாள் முழுக்கச் சூடாக்கி, வேக்குவத்தில் ஆறவிட்டுப் போடுங்கள், 48 மணி நேரம் காத்திருங்கள். சூடான மணியை நேரே டி.ஹெச்.எஃப்.இல் கொட்டுவது தற்கொலை முயற்சி. அதன் ஃபிளாஷ் பாயிண்ட் மைனஸ் 14 டிகிரி. பயன்படுத்திய மணியையும் ஹூட்டில் நன்றாகக் காயவிடாமல் ஓவனில் வைத்தால் ஓவன்தான் எரியும். காற்றுப் பட்டு டி.ஹெச்.எஃப்.இல் உருவாகும், வெடிக்கக்கூடிய பெராக்சைடை சீவ் எடுக்காது. ஆகவே பாட்டிலில் திறந்த தேதி எழுதி, மாதம் ஒருமுறை பெராக்சைடு சோதனை ஸ்ட்ரிப் போட்டுப் பாருங்கள்.

கரைப்பானை அலுமினா நிரப்பிய குழாய் வழியே செலுத்தி உலர்த்தும் காலம் (column) சிஸ்டம் இரண்டையும்விட நல்லதுதான். விலை கேட்டால் பேச்சு நின்றுவிடும். ரப்பர் செப்டம் மூடி போட்டு, உலர்த்தியே விற்கும் பாட்டில் மாதம் ஒன்றிரண்டு ரியாக்ஷன் செய்கிறவருக்குப் போதும்.

கிரிக்னார்டு, சாதாரண லித்தியேஷன் போன்ற நீர் ஆகாத ரியாக்ஷன் எல்லாவற்றுக்கும் எங்கள் ஓட்டு சீவுக்கே. ஆக்சிஜனும் துளி இருக்கக் கூடாத ஆனியானிக் பாலிமரைசேஷன் செய்கிறவர்கள் ஸ்டில்லை வைத்துக்கொள்ளட்டும்: 500 மி.லி. ஃபிளாஸ்க், 3 கிராமுக்கு மேல் சோடியம் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொன்று புதிதாக ஏற்றுங்கள், ஆள் இல்லாத ராத்திரியில் ஓடக் கூடாது.