மனம் உறுத்தியும் கையெழுத்திட்டேன்: பெங்களூரில் லீஸுக்கு வீடு தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

பெங்களூரில் லீஸுக்கு வீடு தேடிக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதை முழுவதும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2024 ஆகஸ்டில் லிங்கராஜபுரத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட மாடி வீடு ஒன்றுக்காக, வீடுகளை நிர்வகிப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு நிறுவனத்திடம் 11 லட்சம் ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். அதில் பாதி என் கணவரின் சேமநிதிப் பணம்; மீதி என் நகைகளை அடகு வைத்துப் பெற்றது. அந்தப் பணம் கைவிட்டுப் போகும் முன்பே என் மனம் உறுத்தியது என்பதையும், அந்த உறுத்தலை நானே அடக்கிவிட்டேன் என்பதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் சொல்வதைத்தான் இங்கே லீஸ் என்கிறார்கள். பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருந்து, காலி செய்யும்போது கொடுத்ததை அப்படியே திரும்பப் பெறலாம். மாதச் சம்பளத்தில் வாடகை கட்டித் தவிக்கும் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல் என்பதால்தான் இதில் ஏமாற்றுவதும் எளிதாக இருக்கிறது.

வீட்டைக் காட்ட வந்த இளைஞர் வேலூர்ப் பக்கத்துத் தமிழில் பேசினார். "நம்ம ஊர்க்காரங்கக்கா, உங்களுக்குப் போய் நான் தப்பா செய்வேனா?" என்றார். பூட்டில் மூன்று சாவிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகே கதவு திறந்தது. உரிமையாளர் துபாயில் இருக்கிறார் என்று தொலைபேசியில் சொன்னவர், சமையலறையில் நின்றபடி, போன வாரம்தான் அவரே வந்து வெள்ளையடித்துக் கொடுத்தார் என்றார். கீழ்வீட்டு அம்மாள் படியருகே வந்து எங்களை ஏறிட்டுப் பார்த்ததும் இவர் குரலைத் தாழ்த்திக் கதவைச் சாத்தினார். அந்த நொடியில் என் அடிவயிறு பிசைந்தது. வெளியே போய்விட வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டிருந்தால் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

சொல்லத் தெரியாததாலேயே அதை ஒதுக்கினேன். நம் மொழி பேசும் பிள்ளையைச் சந்தேகிப்பதா என்ற முகதாட்சண்யம் ஒரு பக்கம். நான்கு மணிக்கு இன்னொரு குடும்பம் முன்பணத்தோடு வருகிறது என்று அவர் சொன்ன அவசரம் இன்னொரு பக்கம். இரவு என் கணவரிடம், "மனசுக்கு என்னவோ சரியாப் படலைங்க" என்று மட்டும் சொன்னேன். "உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றார் அவர். நானும் அதையே நம்பிக்கொண்டு மறுநாள் கையெழுத்திட்டேன்.

2025 ஜனவரியில் உண்மையான உரிமையாளர் வாசலில் வந்து நின்றார். அவர் அந்த நிறுவனத்துக்கு மாதம் 22,000 ரூபாய் வாடகைக்குத்தான் வீட்டை விட்டிருந்தார். நாங்கள் கொடுத்த 11 லட்சத்தில் அவருக்கு ஒரு ரூபாயும் போகவில்லை. இரண்டு மாத வாடகையும் நின்றுபோயிருந்தது. நிறுவனத்தின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையில், ஏமாற்றுதலுக்கான 318-ஆம் பிரிவில் வழக்குப் பதிவாகியிருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை.

என் உடம்பு அன்று என்ன சொன்னது என்பதைப் புரிந்துகொள்ள உதவியது, 1997-இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் அயோவாவில் நரம்பியலாளர் ஆந்தோனியோ தமாசியோவின் குழுவினர் பங்கேற்பாளர்களிடம் நான்கு சீட்டுக்கட்டுகளைக் கொடுத்தார்கள். அவற்றில் இரண்டு முதலில் பெரிய லாபம் காட்டிப் பிறகு பெரும் நஷ்டத்தில் தள்ளுபவை. எது மோசமான கட்டு என்று வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்பே, அதை நோக்கிக் கை நீளும்போது உள்ளங்கை வியர்வையில் மாற்றம் பதிவானது. பங்கேற்றவர்கள் தாங்கள் ஒப்புக்கொண்டதைவிட முன்னதாகவே விஷயத்தை அறிந்திருந்தார்கள் என்று 2004-இல் வேறு ஆய்வாளர்கள் இதை மறுத்துக் காட்டினார்கள். என் அனுபவத்துக்கு அந்த மறுப்பே நெருக்கமாகப் படுகிறது. சாவியையும், துபாயையும், சாத்திய கதவையும் நான் பார்த்திருந்தேன், கேட்டிருந்தேன். அவற்றை ஒன்றாக வைத்து யோசிக்க எனக்கு நானே நேரம் கொடுக்கவில்லை.

ஆனால் எல்லா உறுத்தலும் ஒன்றல்ல. இந்த வீட்டுக்கு இரண்டு வாரம் முன்பு ஜீவனஹள்ளியில் ஒரு கன்னடப் பெரியவரின் வீட்டைப் பார்த்தோம். அவர் சிரிக்கவே இல்லை. அலுவலகக் கடிதம் கேட்டார், பத்திரத்தைப் பதிவு செய்தே தீர வேண்டும், செலவில் பாதி உங்களுடையது என்றார். அப்போதும் எனக்கு உள்ளுக்குள் ஒப்பவில்லை, வேண்டாம் என்று வந்துவிட்டோம். அந்த மனக்குறைக்குப் பின்னால், அவருடைய கண்டிப்பையும் மொழியையும் தவிர நான் கவனித்தது எதுவுமில்லை. உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் கேரி க்ளைனும் 2009-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில், ஒழுங்குள்ள ஒரு துறையில் நெடுநாள் பழகி, செய்த தவறுகளின் விளைவை உடனுக்குடன் கண்டவர்களின் உள்ளுணர்வைத்தான் பெரிதும் நம்பலாம் என்றார்கள். வீட்டுப் பத்திரத்தில் எனக்கு அப்படிப்பட்ட பழக்கம் இல்லை; பொய் சொல்லும் மனிதர்களின் முகத்தை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, மனம் ஒப்பவில்லை என்றால் அங்கேயே முடிவெடுக்காமல் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். வீட்டுக்கு வந்து, எந்த நிமிடத்தில் உறுத்தியது, அப்போது எதைப் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு சரிபாருங்கள். உரிமையாளரை நேரில் சந்திக்காமலும், அவருடைய கையெழுத்து இல்லாமலும் பணம் கொடுக்காதீர்கள். கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, சொத்து யார் பெயரில் இருக்கிறது, அடமானம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்தே ஆக வேண்டும். எங்களிடம் இருந்ததோ நோட்டரி முத்திரை வைத்த மூன்றாண்டு ஒப்பந்தம். கணக்கும் போட்டுப் பாருங்கள்: 22,000 ரூபாய் வாடகை வரும் வீட்டை 11 லட்சத்துக்கு விடுவதென்றால், அந்தப் பணம் ஆண்டுக்கு 24 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். அவ்வளவு வட்டி எங்கே கிடைக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

காலி செய்து சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று கீழ்வீட்டு அம்மாள் காபி கொண்டுவந்தார். உரிமையாளர் ஆர்.டி. நகரில்தான் இருக்கிறார், அவர் தொலைபேசி எண் தன்னிடம் பத்து வருடமாக இருக்கிறது, நாங்கள் வீடு பார்க்க வந்த அன்று அதைச் சொல்லத்தான் படியருகே வந்து நின்றதாகச் சொன்னார்.