காயம் ஆற்றும் எக்சோசோம் குப்பி: சலரோகப் புண்ணுக்கு வாங்கலாமா?

பெட்டிக்குள் இரண்டு குப்பி. ஒன்றில் உறைய வைத்து உலர்த்திய தூள், மற்றதில் கரைக்கும் திரவம். ‘ஸ்டெம் செல் எக்சோசோம்’ என்பது முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும். ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்பது அடியில் பொடி எழுத்தில். வீட்டில் ஆறாத கால் புண்ணோடு யாராவது இருந்தால் அந்தப் பொடி எழுத்தைத்தான் முதலில் வாசியுங்கள். அழகுசாதனமாக விற்கப்படும் பொருளைத் திறந்த புண்ணில் விடக்கூடாது.

எக்சோசோமில் விஷயம் இருக்கிறது. கலங்கள் வெளிவிடும் 30 முதல் 150 நானோமீற்றர் அளவான இந்தக் கொழுப்புச் சவ்வுப் பைகள் புரதங்களையும், மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் துணுக்குகளான மைக்ரோ ஆர்.என்.ஏ.யையும் சுமந்து அடுத்த கலத்துக்குக் கொடுக்கின்றன. சலரோக எலிகளின் காயத்தில் புது இரத்தக் குழாய்களும் தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனும் கூடியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மனிதருக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. இதுவரை ஒரு எக்சோசோம் மருந்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை. அனுமதியில்லாத எக்சோசோம் பொருட்களைப் பற்றி 2019 டிசம்பரில் எச்சரிக்கையே விட்டது.

குப்பியில் ‘இத்தனை பில்லியன் துகள்’ என்று போட்டிருக்கும் எண்ணில் மயங்காதீர்கள். எண்ணும் கருவிக்குப் புரதக் கட்டியும் ஒரு துகள்தான். புண்ணில்லாத தோலுக்கு வாங்குவதென்றாலும், எக்சோசோமின் அடையாளப் புரதங்களான சிடி9, சிடி63, சிடி81 இருப்பதையும், கிருமியும் பக்டீரியா நஞ்சான எண்டோடொக்சினும் சோதிக்கப்பட்டதையும் காட்டும் சான்றிதழைக் கேளுங்கள். தராவிட்டால் வாங்க வேண்டாம்.

உறைந்த திரவமாக வருவது மைனஸ் 80 பாகையில் இருக்க வேண்டியது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஐஸ் பொதியோடு வந்து, இளகி, வீட்டுப் பிரிஜ்ஜில் திரும்ப உறைந்தால் பைகள் வெடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தூள் வகை இந்த வெயிலுக்குப் பரவாயில்லை. கரைக்கும்போது திரவத்தைக் குப்பியின் சுவரோடு மெல்ல விட்டு உருட்ட வேண்டும், குலுக்கக்கூடாது. நூல்நூலாக மிதந்தால் எறிந்துவிடுங்கள். ஸ்பிரிட் பட்ட இடத்தில் பூசினால் சவ்வு கரைந்துபோகும், காசும் போகும்.

எங்கள் முடிவு: கால் புண்ணுக்கு வேண்டாம். உணர்ச்சி செத்த பாதத்தில் ஒவ்வொரு அடியும் அதே இடத்தை நசுக்கும்போது எந்தக் குப்பியாலும் ஆற்ற முடியாது. செத்த தசையையும் தடித்த தோலையும் வெட்டி எடுப்பது, 0.9% சேலைனால் கழுவி மருந்து கட்டுவது, பாரம் படாத செருப்பு, இரத்த ஓட்டப் பரிசோதனை, சீனியைக் கட்டுப்படுத்துவது: காசு இவற்றுக்குப் போகட்டும். நல்லூர்த் திருவிழா நாட்களில் சுடுமணலில் வெறுங்காலோடு நடப்பதை உணர்ச்சி செத்த பாதமுள்ளவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும்; சுட்டது தெரியாமலே கொப்புளம் புண்ணாகிவிடும்.

புண்ணின் நீள அகலத்தை வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். 4 வாரத்தில் பரப்பு பாதியாகாவிட்டால் சிகிச்சையை மாற்றச் சொல்லுங்கள். கறுப்பு நிறம், நாற்றம், காய்ச்சல் கண்டால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.