2ஜேஇசட்டா, ஆர்பி26-ஆ?

டொயோட்டா சுப்ராவின் டர்போ எஞ்சின் 2ஜேஇசட்; நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் எஞ்சின் ஆர்பி26. இரண்டுமே வார்ப்பிரும்பு பிளாக், நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. ஜப்பானில் கணக்குக்கு இரண்டும் 280 குதிரைத்திறன்தான், அதை யாரும் நம்பியதில்லை என்பது வேறு விஷயம். நிசானின் ஆர்பி26-இல் சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் வால்வு) என்று ஆறு இருப்பதால் கால் பட்டதும் சீறும்; 1990 முதல் 1993 வரை ஜப்பான் குரூப் ஏ டூரிங் கார் பந்தயங்களில் ஆர்32 தலைமுறை ஜிடி-ஆர் 29-க்கு 29 ஜெயித்ததும் இந்த எஞ்சினோடுதான். ஆனால் ஆரம்பகால ஆர்32-இல் ஆயில் பம்ப்பைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் முனை குட்டை, உச்ச ஆர்பிஎம்மில் அடிக்கடி விரட்டினால் பம்ப் கியர் உடையும், அப்புறம் பேரிங் காலி.

சுப்ராவின் 2ஜேஇசட்டுக்கு அந்தத் தலைவலி கிடையாது. 3 லிட்டர் வேறு, பெரிய ஒற்றை டர்போ மாட்டினாலும் அசராது. சத்தம் மட்டும்தான் வேண்டுமென்றால் சரி, ஆர்பி. காசு என்னுடையது என்றால் 2ஜேஇசட்தான்.