கவுன்சலருக்கு ஐந்து நட்சத்திரம், ஆப்புக்கு ஒன்று

வேளச்சேரிப் பக்கம் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். இன்னும் அங்கேதான் படிக்கிறாள் என்பதால் பள்ளியின் பெயரைப் போடவில்லை. அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மனநல ஆலோசனையை, அதாவது கவுன்சலிங் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அட்மிஷன் சமயத்தில் வேன் ரூட், ஏ.சி. வகுப்பு எல்லாம் விசாரிக்கிறோம், இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் பள்ளியில் ஒரு கவுன்சலர் இருக்க வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகளிலேயே இருக்கிறது. இங்கே வெளி நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம். அவர்கள் ஒரு கவுன்சலரை அனுப்புகிறார்கள், கூடவே ஒரு ஆப்பையும்.

முதலில் கவுன்சலர். முப்பது வயது இருக்கும். மகளுக்குத் தூக்கமே வராமல், காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நாட்களில் அவரிடம் அனுப்பினோம். முதல் நாளே அவளிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: "நீ சொல்றது என்கிட்டயே இருக்கும். ஆனா யாராவது உன்னைத் தொந்தரவு செஞ்சாலோ, நீயே உன்னைக் காயப்படுத்திக்க நினைச்சாலோ, நான் சொல்லித்தான் ஆகணும்." இதைக் கேட்டதும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. குழந்தைக்குப் பாலியல் தொந்தரவு நடந்தது தெரியவந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்பது 2012 போக்சோ சட்டத்தின் 19வது பிரிவு. எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒரு கவுன்சலர் சத்தியம் செய்தால் அவருக்குச் சட்டம் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

என்னிடமும் அவர் கறார்தான். என்னதான் பேசுகிறாள் என்று கேட்டதற்கு, "பயப்படுற மாதிரி எதுவும் இல்லம்மா. ராத்திரி போனை மட்டும் வெளியில வாங்கி வைங்க. மத்ததை அவளே சொல்லுவா" என்று முடித்துவிட்டார். பெற்ற எனக்கே சொல்ல மாட்டாரா என்று கோபம் வந்தது. ஆனால் அம்மா காதுக்குப் போகாது என்று தெரிந்ததால்தான் அவள் வாயையே திறந்திருக்கிறாள். இப்போது தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், என்னோடு சண்டையும் போடுகிறாள்.

இனி ஆப். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும், "அம்மா, மேத்ஸ் மிஸ் என்னைத் தனியா கூப்பிட்டு இப்பல்லாம் ராத்திரி தூங்கறியான்னு கேட்டாங்க" என்றாள். மேத்ஸ் மிஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. கவுன்சலர் ஆப்பில் ஏற்றும் குறிப்பு, மார்க், அட்டெண்டன்ஸ் இருக்கும் அதே பக்கத்தில் ஒரு டேப்பாக நிற்கிறது. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் எல்லோருக்கும் அது திறக்கும்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவள். எங்களிடம் ஒரு கேஸ் ஷீட் அறையை விட்டு வெளியே போனால் யார் வாங்கினார்கள், எதற்கு, எப்போது திரும்பி வந்தது எல்லாம் எழுதியாக வேண்டும். இங்கே யார் திறந்து பார்த்தார்கள் என்ற பதிவுகூட இல்லை.

வைஸ் பிரின்சிபாலைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர்ஸுக்குத் தெரிஞ்சா குழந்தைக்கு நல்லதுதானம்மா?" என்றார். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் டீச்சருக்குத் தெரிய வேண்டியது "இந்த மாதம் இவளை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்க வேண்டாம்" என்பது மட்டும்தானே? ஏன் என்பது எதற்கு? அப்புறம், நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருப்பதாக ஒரு படிவத்தைக் காட்டினார். பிக்னிக் போக, வெப்சைட்டில் போட்டோ போட, கவுன்சலிங் விவரம் சேமிக்க, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு டிக்.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும். எந்த நோக்கத்துக்கு என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 2027 மே ஆகும். கல்விக்காகவும் பாதுகாப்புக்காகவும் பிள்ளைகளைக் கண்காணிப்பதில் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கை எவ்வளவு தூரம் இழுப்பார்களோ! இன்னொன்றும் உறுத்துகிறது: சட்டம் சாவியை என் கையில் கொடுக்கிறது, மகள் கையில் இல்லை. அவளைக் கேட்க வேண்டும் என்று நினைத்தது அந்தக் கவுன்சலர் ஒருவர்தான்.

எழுத்தில் கொடுத்த பிறகு அந்த டேப்பை டீச்சர்களுக்கு மூடிவிட்டார்கள். படிவத்தை அடுத்த கல்வியாண்டில் பிரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் குறிப்புகள் பள்ளியிடம் இருக்குமா, நிறுவனத்திடமா, எப்போது அழிப்பார்கள் என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லை.

பிள்ளையை அனுப்பலாமா என்றால், தாராளமாக அனுப்புங்கள், அந்தக் கவுன்சலர் இருக்கும்வரை. கையெழுத்துப் போடும் முன் குறிப்பை யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி வழியாகவே வேண்டாம் என்பவர்களுக்கு 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.